எனக்குப் பதிலாக யாரும் நடக்க வேண்டாம்

என்னுடைய கால்களைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. கால்களுக்குச் சொந்தக்காரியான என்னிடம்தான் ஒருவரும் கேட்கவில்லை.

கணவர் மவுத்தாகி, விதவை தனித்திருக்கும் இத்தாவின் நாலு மாதம் பத்து நாளும் முடிந்து அறையை விட்டு நான் வெளியே வந்தபோது, வாசல்படி இறங்கச் சுவரைப் பிடித்தது உண்மைதான். அதை என் காக்கா பார்த்துவிட்டார். எனக்கிருக்கும் ஒரே மூத்த சகோதரர் அவர். மறுநாளே கல்முனை பஸாரில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை வாங்கி, தன் ஓட்டோவின் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்து, என் தொழுகைப் பாயின் மேல் வைத்தார்.

"இனி இதில இரிந்து தொழு தங்கச்சி. அல்லாஹ் லேசாக்கித்தான் வெச்சிரிக்கான்" என்றார்.

கதிரையில் இருந்து தொழ வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்று பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கிய கால் என்னுடையது. அதற்கு ஓய்வு கொடுப்பதா இல்லையா என்று முடிவு எடுக்க வேண்டியவள் நான். கதிரையை எடுத்து முற்றத்தில் போட்டேன். அதில் கோழி ஏறி இருந்தது.

காக்கா கதையைக் கதிரையோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கணவர் இருந்த காலத்தில் எங்கள் இருவருடைய பெயரையும் ஹஜ்ஜுக்குப் பதிந்து வைத்திருந்தார். அவர் போய்விட்டார், என் முறை மட்டும் வந்தது. எனக்கு மஹ்ரமாக, துணை ஆணாக, வரவேண்டியவர் காக்கா. வந்தார். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமலே சொன்னார்:

"நீ அங்க வந்து கஷ்டப்படத் தேவல்ல. நான் என்ட ஹஜ்ஜ எப்பயோ முடிச்சவன். ஒனக்காக நானே பதல் ஹஜ் செஞ்சிட்டு வாறன்."

பதல் ஹஜ் என்பது, போக முடியாத ஒருவருக்காக இன்னொருவர் போய் அந்தக் கடமையை நிறைவேற்றிவிட்டு வருவது. படுக்கையில் கிடப்பவருக்குச் செய்வார்கள், மவுத்தானவருக்குச் செய்வார்கள். இதில் நான் எந்த வகை என்று கேட்டேன்.

"ஒன்ட காலுக்கு ஏலா தங்கச்சி."

"ஆர் சொன்ன?"

"நான் கண்ணால கண்டன்தானே."

ஆஸ்பத்திரியில் டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார். முழங்காலில் கொஞ்சம் தேய்வு இருக்கிறது, ஆனால் தொல்லை எலும்பில் இல்லை, தசையில்; இருந்து இருந்து இளகிவிட்டது; நடங்க, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி நடங்க. இதைச் சொன்னபோது காக்கா தலையை ஆட்டினார். அவருக்கு டொக்டரையும் நம்பிக்கையில்லை. சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர். அறுபத்தைந்து வயதிலும் வரப்பில் ஓடித் திரிகிற தன் கால்களில் மட்டுந்தான் அவருக்கு நம்பிக்கை.

"ஒரு நாள் நடந்தாச் சரியெண்டு நினைக்காத. அங்க அஞ்சு நாள். ஒரு நாள் நடக்க ஆருக்கும் ஏலும். மறுகா நாள் எழும்பணும். அதுக்கடுத்த நாளும் எழும்பணும். ஒனக்கு ஏலா."

அந்த 'ஏலா', முடியாது என்ற அந்த ஒரு சொல், என் காதில் ஏறி இருந்துகொண்டது. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அங்கே ஐந்து நாள் என்றால் இங்கேயும் ஐந்து நாள் நடந்து காட்டுகிறேன். சாய்ந்தமருதிலிருந்து பொத்துவில் வரைக்கும். உங்கள் ஓட்டோவோடு பின்னால் வாருங்கள். நடுவில் ஒரு தடவை ஏறினேன் என்றால் பதல் ஹஜ்ஜுக்குச் சம்மதம். ஏறாமல் போய்ச் சேர்ந்து, ஆறாம் நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு நானாக எழும்பித் தரையில் தொழுதேன் என்றால், நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

காக்கா சிரித்தார். "ஓம்" என்றார். முதல் நாள் தங்க வேண்டிய ஒலுவிலைக்கூட நான் தாண்ட மாட்டேன் என்று அவர் கணக்குப் போட்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது.

மூன்று மாதம் கடற்கரையில் பழகினேன். சுபஹு தொழுதுவிட்டு, அபாயாவுக்குக் கீழே சப்பாத்துப் போட்டுக்கொண்டு, காரைதீவு எல்லை வரை போய் வருவேன். வலை இழுக்கிற ஆட்கள் முதலில் முறைத்துப் பார்த்தார்கள், பிறகு ஸலாம் சொன்னார்கள். பென்சன் எடுத்ததும் டீச்சருக்கு மூளை கழன்றுவிட்டது என்று ஊரில் கதைத்தார்கள். கதைக்கட்டும். வெட்டியாகக் கதைக்கிறவர்களுக்கும் ஒரு விஷயம் வேண்டுந்தானே.

என்னோடு நடக்க வந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? காக்காவின் மனைவி. என் மதினி. மருதமுனைக்காரி, இப்போதும் தறியில் சாரி நெய்கிறவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, நாற்பது வருடமாக ஓயாத வாக்குவாதம். "நீ தோத்தா எங்கட மனிசன் வருசம் முழுக்க அதையே சொல்லிட்டுத் திரிவாரு. அதக் கேக்க எனக்கு ஏலா" என்று சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

முதல் நாள் நிந்தவூர் தாண்டி, ஒலுவில் வரைக்கும். காலையில் கால் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. மத்தியானத்துக்குப் பிறகு கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகின. தொடையின் முன்பக்கம் ஒவ்வோர் அடிக்கும் எரிந்தது. இரவு தங்க வேண்டிய மதினியின் தங்கை வீட்டுப் படலையைக் கண்டதும் எனக்கு அழுகை வந்தது. வாசலில் கிடந்த மர வாங்கில் இருப்பதற்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.

"இரிக்காத!" என்று மதினி கத்தினாள். "இரிந்தா முடிஞ்சிது. நட."

"இவ்வளவு நேரமும் என்னத்தச் செஞ்சன்?"

"அது பயணத்துக்கு நடந்த. இது காலுக்கு நடக்கிற."

கையில் ஒரு போத்தலைத் திணித்தாள். தேசிக்காய்ப் புளியும் உப்பும் கொஞ்சம் சீனியும் கரைத்த தண்ணீர். அதை மிடறு மிடறாகக் குடித்தபடி முற்றத்தை மெதுவாகச் சுற்றினேன். பத்து நிமிடம் இருக்கும். கல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவள் தறியில் கற்றது இதுதான். நாள் முழுக்க மிதியை மிதித்துவிட்டு எழும்பி நேரே பாயில் விழுந்தால், மறுநாள் மிதியில் கால் வைக்க முடியாதாம். கொஞ்சம் உலாவ வேண்டும், குடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், அதன் பிறகுதான் படுக்கை. மருதமுனையில் இதை யாரும் வைத்தியம் என்று சொல்வதில்லை. கை கழுவுவது போல அதுவும் ஒரு வேலை.

அடுத்தது, மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் உயர்த்திப் போடுவது. அதில் ஒரு சிக்கல் வந்தது. எங்களுக்குத் தந்த அறையில் வெறுஞ்சுவர் என்று இருந்தது மேற்குச் சுவர் மட்டுந்தான். மேற்கே கிப்லா, தொழுகையில் முகம் வைக்கும் திசை. அந்தப் பக்கம் காலை நீட்ட மனம் வருமா? கிழக்குச் சுவரில் அலுமாரி. நடந்து களைத்த இரண்டு பெண்கள் மூச்சு வாங்க அந்த அலுமாரியை நகர்த்தினோம். அதன் பிறகு சுவரில் நாலு கால்கள். மதினி எட்டி என் கெண்டைக்காலைக் கணுக்காலிலிருந்து மேலே, கோழிக்குஞ்சைத் தடவுவது போல, மெதுவாக நீவிவிட்டாள்.

காக்கா வாசலில் நின்று, "என்ன, ஓட்டோவத் திருப்பட்டா?" என்று கேட்டார். கையில் ஆட்டுக்கால் சூப்பு. காலுக்குக் கால் என்பது அவருடைய வைத்தியம். சூப்பை வாங்கிக் குடித்தோம். ஓட்டோவைத் திருப்ப விடவில்லை.

மறுநாள் காலையில் நோவு இருந்தது. ஆனால் எழும்பினேன். முதல் அரை மணித்தியாலம் வேண்டுமென்றே எட்டைக் குறைத்து மெல்ல நடந்தோம். பிறகு கால் தானாக வழிக்கு வந்தது. பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. அவ்வளவு தூரமில்லை, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். அந்தத் திமிரில்தான் நான் வாழ்க்கையில் செய்யாத மடத்தனம் ஒன்றைச் செய்தேன்.

அக்கரைப்பற்றில் தங்கியது என் சாச்சியின் மகள் வீட்டில். எனக்குத் தங்கை முறை. அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு. உள்ளே கால் வைத்ததும் சஹன் வைத்துவிட்டாள். பெரிய தட்டில் புரியாணி, சுற்றி ஐந்தாறு பேர் தரையில் சம்மணம் கொட்டி ஒன்றாகச் சாப்பிடுவது. சஹனில் இருந்தால் மற்றவர்கள் முடிக்கும்வரை எழும்புவது மரியாதை இல்லை. அவளோ என் பக்கத்துக்கு இறைச்சியைத் தள்ளித் தள்ளி வைத்தாள். வட்டிலப்பமும் வந்து, கதையும் ஓய்ந்தபோது ஒரு மணித்தியாலம் தாண்டியிருந்தது. எழும்பப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே எனக்கென்று ஒன்றும் இல்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

"அல்லாஹ்வே! ராத்தாட கால் இப்பிடிப் பிடிச்சிட்டே!" என்று தங்கை பதறினாள். ஒரு நிமிடத்தில் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. தெருவில் ஒரு மருத்துவிச்சி இருந்தாள். ஊரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கெல்லாம் நாற்பது நாளும் உடம்பு பிடித்து, இலை அவித்த தண்ணீரில் வார்த்து, எழுப்பி நடக்க வைக்கிற கைக்காரி. "ஒம்பது மாசம் சுமந்த உடம்பையே நேராக்குற கை ராத்தா. ரெண்டு நாள் நடந்த கால் என்னத்துக்கு!"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நான் மூன்று பெற்றவள். அந்தக் கைகளின் சுகம் என் உடம்புக்குத் தெரியும். மதினி மட்டும் என் காதில், "வேணாம் மச்சி" என்றாள். ஆனால் அது என் சொந்தக்காரர் வீடு, அவள் மாப்பிள்ளை வழியில் வந்த விருந்தாளி. அதற்கு மேல் அவளுக்கு வாய் திறக்க முடியவில்லை. தனக்கும் பாய் விரிப்பதைக் கண்டதும், தொழ வேண்டும் என்று சொல்லி மற்ற அறைக்குள் போனவள்தான். அவ்வளவு நீளத்துக்கு அவள் தொழுததை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

மருத்துவிச்சி குறை வைக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க நொச்சி இலைத் தண்ணீர். சுடச்சுட எண்ணெய். பெருவிரலைக் கெண்டைத் தசைக்குள் இறக்கி, முழங்கால் வரை உழுதாள். நான் பாயைக் கடித்தேன். நொந்தால்தான் வாயு இறங்கும் என்றாள். அதன் பிறகு மிளகும் உள்ளியும் அரைத்த சரக்குக் கறி, காற்றுப் படாமல் போர்வை. தண்ணீர் கேட்டேன். பச்சைத் தண்ணீர் ஆகாது, கால் ஊதும் என்று ஒரு சின்னக் கோப்பை கொத்தமல்லி மட்டும் தந்தார்கள். அசையாமல் படு என்றார்கள். படுத்தேன். நான் அன்றைக்கு எந்தப் பிள்ளையும் பெறவில்லை என்று அந்த வீட்டில் ஒருவருக்கும், எனக்கும்கூட, தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை என் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தொட முடியவில்லை. நாக்கு வறண்டு, தலை இடித்தது. வாசலில் மூன்று படி. முதல் படியில் கால் வைத்ததும் முழங்கால் மடிந்து, தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முற்றத்தில் ஓட்டோ நின்றது. காக்கா அதன் படுதாவைத் தூக்கிவிட்டு, சீற்றைத் துடைத்து வைத்திருந்தார். கேலியாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"ஏறு தங்கச்சி. ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

இரண்டு நாள்தான் தாங்கியது. அவர் சொன்னது சரியாகிவிட்டது. ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் வீடு. முற்றத்தில் அந்தக் கதிரை. என் ஹஜ்ஜை இன்னொருவர் செய்துவிட்டு வந்து எனக்குப் பேரீச்சம்பழம் தருவார். நினைத்ததும் கோபம் எழும்பியது. காக்காமேல் இல்லை, மருத்துவிச்சிமேலும் இல்லை. எது சுகமோ அதுதான் மருந்து என்று நம்பிய என்மேல்தான்.

"மதினி, அந்தப் போத்தலக் கொண்டாகா" என்றேன்.

இரண்டு போத்தல் குடித்தேன். படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு காலாக இறங்கினேன். இறங்கி, ஓட்டோவுக்குக் கிட்டப் போனேன். காக்கா கை நீட்டினார். நான் அதன் கூரையில் கை வைத்துக்கொண்டு, ஓட்டோவைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். அடி அடியாக. முதல் சுற்றுக்கு எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. இரண்டாவதில் கூரையை விட்டேன். மூன்றாவதில் திரும்பப் பிடித்தேன். காக்கா சாரதி ஆசனத்தில் இருந்தபடி தலையைத் திருப்பித் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள இது, கஃபாவச் சுத்துற மாதிரி ஓட்டோவ தவாஃப் செய்யிறியா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, உடனே "அஸ்தஃபிருல்லாஹ்" என்று தன் வாயில் தானே தட்டிக்கொண்டார். மதினி தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபோது நோவு ஒரு கணம் மறந்தது.

"சும்மா இரிக்கிற ஓட்டோவ வேலைக்கு எடுங்க. மீன் வாடியில ஐஸ் வாங்கிட்டு வாங்க" என்றாள் மதினி, தன் மனிசனைப் பார்த்து. அவர் முணுமுணுத்துக்கொண்டே போய், சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியோடு வந்தார். அதை உடைத்துப் பழைய சாரத்துணியில் கட்டி, வீங்கின இடத்தில் கொஞ்சம் வைத்து, கொஞ்சம் எடுத்து, திரும்ப வைத்தோம். சூரை மீன் வாசம் என்மேல் அடுத்த நாள் வரை இருந்தது. தங்கை தலையில் கை வைத்தாள். குளிர் பட்டால் வாயு ஏறிவிடும் என்று அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பாவம். அவளைச் சமாதானப்படுத்த நாலு முட்டையும் சோறும் கேட்டுச் சாப்பிட்டேன்.

பத்து மணிக்குப் பிறகுதான் புறப்பட்டோம். அன்றைக்குத் திருக்கோவில் போக வேண்டும். வேலிக்கு வேலி, மரத்துக்கு மரம் என்று போனேன். ஒவ்வோர் அரை மணித்தியாலமும் நின்று, சப்பாத்தைக் கழற்றி, பையின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக் கிடந்தேன். போகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ரோட்டோரத்தில் அபாயா போட்ட ஒரு பொம்பிளை வானத்தைப் பார்த்துக்கொண்டு, காலை மேலே போட்டுக் கிடந்தால் பார்க்கத்தான் செய்வார்கள். ஒரு காலத்தில் அந்த வெட்கம் ஒன்றே என்னை ஓட்டோவில் ஏற்றியிருக்கும். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஸலாமும் வணக்கமும் சொன்னேன்.

மாலை மங்க முன், திருக்கோவிலில் என்னோடு படிப்பித்த தமிழ் டீச்சர் ஒருத்தியின் வாசலை அடைந்தோம். அவள் கேள்வி கேட்கவில்லை. வாளியில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் காலில் ஊற்றினாள், பெரிய சட்டித் தயிரை முன்னால் வைத்தாள், படுக்கையைக் காட்டினாள். ஒன்பது மணித்தியாலம் செத்தவள் போலத் தூங்கினேன். எல்லா மருந்திலும் அதுதான் பெரிய மருந்து என்று இப்போது சொல்வேன்.

நாலாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. கோமாரிப் பக்கம் வீடுகள் குறைந்து, பற்றைக்காடு தொடங்கியது. ஒரு மதகில் குந்திக் காலை ஆற்றினோம். காக்கா ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"உம்மாவோட ஹஜ்ஜுக்குப் போனன்தானே" என்றார். "ரெண்டு நாள் உம்மா நல்லா நடந்தாங்க. என்னையும் முந்திட்டுப் போனாங்க. மூணாம் நாள் மினாவில எழும்பச் சொன்னன். எழும்ப ஏலாமப் போய்த்து. எனக்கு முன்னால அழுதாங்க தங்கச்சி. சின்னப் புள்ள மாதிரி. அதுக்குப் பொறகு சக்கரக் கதிரையிலதான். ஒங்க ஒருத்தருக்கும் நான் சொல்லல்ல. சொல்லவாணாமெண்டு உம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

உம்மா திரும்பி வந்து எங்களுக்கு ஸம்ஸம் தண்ணீர் ஊற்றித் தந்தது மட்டுந்தான் எனக்குத் தெரியும். இத்தனை நாளும் அவர் என் காலைப் பார்த்துப் பேசியதெல்லாம் உம்மாவின் காலைப் பற்றி என்பது அப்போதுதான் விளங்கியது. அவருடைய பயம் விளங்கியது. ஆனால் விளங்கியதற்காக நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

"உம்மாக்கு அண்டைக்கு என்ன குடுத்தீங்க காக்கா? தண்ணி குடிச்சாங்களா?"

யோசித்தார். "ஒளு முறிஞ்சாத் திரும்பக் கை கால் கழுவணும், கக்கூசுக்குப் பெரிய வரிசையெண்டு தண்ணிய ஒதுக்கிட்டாங்க."

"கால ஒசத்திப் போட்டாங்களா? கொஞ்சம் உலாவினாங்களா?"

"களைச்சுப் போனவங்கள ஆரு உலாவச் சொல்லுவா? படுங்க படுங்கெண்டுதான் சொன்னன்." சொல்லிவிட்டு அவர் ரோட்டைப் பார்த்தார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்றவா நான் நடந்தேன்? எழும்பி நடந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, இரவு தங்கிய கோமாரியில் ஒரு கடைக்காரரிடம் ஓட்டோவை ஒப்படைத்துவிட்டு, காக்கா எங்களோடு இறங்கிவிட்டார். யானை வரும் பாதை, பெண்களைத் தனியே விட முடியாது என்றார். காரணம் அது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். காலில் றப்பர் செருப்பு. எங்களை முந்திப் போய் முந்திப் போய் நின்று, "என்ன, இவ்வளவுதானா?" என்று கேட்டார். தண்ணீர் நீட்டினால் வேண்டாம் என்றார். நின்று காலை ஆற்றச் சொன்னால், வயல்காரன் காலுக்கு ஆற்றத் தேவையில்லை என்றார். நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பொத்துவிலுக்குள் நான் என் காலால் போய்ச் சேர்ந்தேன். கை தட்ட ஒருவரும் இல்லை. ஒரு கடையில் இளநி வெட்டிக் கொடுத்தவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சாய்ந்தமருது என்றேன். எந்த பஸ்ஸில் என்றார். நடந்து என்றேன். அவர் நம்பவில்லை. அவர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன.

விடுதியில் இரண்டு அறை எடுத்தோம். நானும் மதினியும் முற்றத்தில் மெதுவாக நடந்தோம், குடித்தோம், சாப்பிட்டோம், கிழக்குச் சுவரில் காலைப் போட்டோம். காக்கா நேரே கட்டிலில் விழுந்தார். "நடந்த ஒரு பெரிய கதையில்ல. நாளைக்குச் சுபஹுக்குப் பாப்பம்" என்றார் படுத்தபடியே. அது இன்னும் பாக்கி இருந்தது. எனக்கும் அது தெரியும்.

சுபஹு பாங்கு கேட்டது. கண் திறந்ததும் முதலில் அசையவில்லை, பயமாக இருந்தது. பிறகு கணுக்காலை மடக்கி நிமிர்த்தினேன். முழங்காலை மடித்தேன். நோவு இருந்தது, ஆனால் சொன்ன சொல் கேட்கிற நோவு. பாயிலிருந்து எழும்பினேன். ஒளு செய்துவிட்டு வந்து தரையில் தொழுதேன். நெற்றி தரையில் பட்ட முதல் ஸுஜூதிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றினேன். இரண்டாவதுக்கும் ஊன்றினேன். ஊன்றினால் என்ன, எழும்பினேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் அழுதேன். கணவர் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்து அழுதேன்.

மற்ற அறையிலிருந்து சத்தம் கேட்டது.

"தங்கச்சி..."

போய்ப் பார்த்தேன். காக்கா கட்டில் விளிம்பில் இருந்தார். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு, எழும்பப் பார்த்து, திரும்ப இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தத் தண்ணிக்கு... உப்பு எவ்வளவு போடுற?"

போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தேன். சும்மா விட முடியுமா? விறாந்தையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையையும் இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதில இரிந்து தொழுங்க காக்கா. அல்லாஹ் லேசாக்கித்தான் வெச்சிரிக்கான்."

என் பின்னால் மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. காக்கா சிரிக்கவில்லை. கதிரையைப் பார்த்தார். போத்தலில் பாதியைக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கதிர வேணா. கையப் புடி. முற்றத்தில ரெண்டு சுத்து நடந்துட்டுத் தொழுறன், நேரம் இரிக்கி. மறுகா ஊருக்குப் போனதும் கல்முனையில பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கணும். ரெண்டு பேருக்கும்."

கையைப் பிடித்து எழுப்பினேன். அவர் கனமானவர், முழுப் பாரத்தையும் என் தோளில் போட்டுத்தான் நடந்தார். என் கால் தாங்கியது.